ஓடிப்போன மணப்பெண்ணின் கம்பெனி

தெர்ஹாஸ் தன் கல்யாணத்தன்று காலையில், முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஊற்றுக்குப் போனாள். முகத்தைக் கழுவினாள். பிறகு போர்வைத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் மலையேறிவிட்டாள்.

மாய் அகாம் கிராமத்தில் அன்று எல்லாம் தயாராக இருந்தது. யூகலிப்டஸ் கிளைகளை வெட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். வீட்டில் காய்ச்சிய ஸுவா பீர்ப் பானைகள் நுரைத்து வழிந்தன. அப்பா ஒரு காளையை அறுத்துவிட்டுச் சொந்தக்காரர்களிடம் அதன் கொழுப்பைப் பற்றிப் பெருமையடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கோவேறு கழுதைகளில் குடை பிடித்துக்கொண்டு, பாட்டும் கைத்தட்டலுமாக அடிவாரத்துக்கு வந்துவிட்டார்கள். அந்தப் பாட்டு பாதி மலை வரைக்கும் அவளைத் துரத்திக்கொண்டே வந்தது.

மாப்பிள்ளையை அவள் பார்த்ததில்லை. அடி கோலா ஊர்க்காரன், பெயர் தெக்லாய், நன்றாக உழுவான், பல் எல்லாம் இருக்கிறது. அப்பா சொன்னது இவ்வளவுதான். அவன் மேல் அவளுக்குக் கோபமும் இல்லை. கொஞ்ச நாள் முன்பு, அரசை எதிர்த்துச் சண்டை போடும் இயக்கத்துப் போராளிகள் சிலர் ஊருக்குள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண். தோளில் துப்பாக்கி. ஊர்ப் பெரியவர்கள் நின்றுகொண்டிருக்க, அவள் ஒரு கல்லில் உட்கார்ந்து, காலை நீட்டி, சாவகாசமாகத் தண்ணீர் குடித்தாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. அந்த உட்கார்ந்த விதம்தான் தெர்ஹாஸைப் படுத்தி எடுத்தது. பதினாறு வயசு வரைக்கும் ஆம்பளைகள் முன்னால் அப்படி உட்கார்ந்து அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

இயக்கத்தின் முகாமில் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. "வீட்டுக்குப் போம்மா. கொஞ்சம் வளர்ந்துட்டு வா" என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் முகாமுக்கு வெளியே ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் போகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டு விறகு பொறுக்கிக்கொண்டு வந்து போட ஆரம்பித்தாள். கடைசியில் அஸ்கெதோம் என்பவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் காட்டுக்கு வந்தவர். ஒல்லி உடம்பு, ஒரு பக்கக் காம்பை நூலால் கட்டிய கண்ணாடி.

"உனக்கு என்ன தெரியும்?"

"ஆடு மேய்க்கத் தெரியும்."

"நம்மகிட்ட ஆடே இல்லையே."

"அதோ, எதிர் மலைல மேயுதுல்ல? அதை இங்கேருந்தே கூப்பிடுவேன்."

"எங்க, கூப்பிடு பாப்போம்."

தெர்ஹாஸ் வாயில் கையைக் குவித்துக் கூப்பிட்டாள். எதிர் மலையில் ஆடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. சில ஆடுகள் இறங்கவே ஆரம்பித்துவிட்டன. ஆட்டுக்காரன் அங்கிருந்து கெட்ட வார்த்தையில் கத்தினான். இங்கே முகாமில் காவலுக்கு நின்றவர்கள் எதிரி வந்துவிட்டான் என்று குண்டு ஏற்றிக்கொண்டு ஓடி வந்தார்கள். அஸ்கெதோம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சேத்துக்குங்கப்பா. நம்மகிட்ட வானொலிக் கருவி ஒண்ணுகூட இல்ல. இந்தப் பொண்ணு போதும்" என்றார்.

அப்படித்தான் அவள் படையில் சேர்ந்தாள். அந்தப் படையின் அமைப்பு பார்க்க எளிமையானது. பத்துப் பேர் ஒரு குழு. மூன்று குழு ஒரு பிரிவு. மூன்று பிரிவு ஒரு கம்பெனி. அதற்கு மேலே பட்டாலியன், பிரிகேட். ஆனால் தோளில் பட்டை கிடையாது, சம்பளம் கிடையாது, சல்யூட் கிடையாது. கம்பெனித் தலைவருக்கும் சமையல்காரருக்கும் ஒரே மாதிரி டயர் செருப்பு, ஒரே மாதிரி கம்பளி. தலைவருக்கு விறகு பொறுக்கும் முறை வந்தால் தலைவரும் பொறுக்கத்தான் வேண்டும். சண்டை நடக்கும்போது மட்டும் அவர் சொல்தான் சொல். குறுக்குப் பேச்சு கூடாது. சண்டை முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். அதற்குக் கிம்கெமா என்று பெயர். யார் வேண்டுமானாலும் எழுந்து யாருடைய குறையை வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்கிறவர் கோபப்படக் கூடாது, முறைக்கக் கூடாது, இடையில் பேசக் கூடாது. நாட்டை ஆண்ட தெர்க் ராணுவ அரசின் குண்டுக்குப் பயப்படாத எத்தனையோ பேர் கிம்கெமா என்றால் ஒளிய இடம் தேடுவார்கள்.

தெர்ஹாஸ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டாள். சுடக் கற்றுக்கொண்டாள். குழுத் தலைவி ஆனாள், பிரிவுத் தலைவி ஆனாள். சில வருஷம் கழித்து, அப்போது பட்டாலியன் தளபதி ஆகியிருந்த அஸ்கெதோம் அவளைக் கூப்பிட்டு, ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"ஆம்பளைங்கதான் அதுல நிறைய. சல்யூட்டும் கிடையாது. நான்தான் கமாண்டர்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"எல்லாக் குறையையும் உன்கிட்ட வந்து சொல்லுவாங்க. அதுல தெரிஞ்சுடும்."

அவர் சொன்னபடியே நடந்தது. முதல் நாளே செருப்பு வார் அறுந்ததிலிருந்து இஞ்செரா ரொட்டி அளவுக்கு மீறிப் புளித்தது வரைக்கும் எல்லாம் அவளிடம்தான் வந்தது. புளித்ததற்குக் காரணம் நெகாசி. அவர் முன்பு கிறிஸ்தவ தேவாலயத்தில் உதவிக் குருவாக இருந்தவர். இப்போது கம்பெனிக்குச் சமையல். ஷிரோக் குழம்பைக் கிண்டிக்கொண்டே வழிபாட்டுப் பாட்டை ராகம் போட்டுப் பாடுவார். பாட்டு நீளமாக இருந்தால் குழம்பு அடிப்பிடிக்கும்.

கம்பெனி சீக்கிரமே அவளை ஏற்றுக்கொண்டது. காரணம் அவள் கால்தான். தாக்குதல் என்றால் எல்லாருக்கும் முன்னால் அவள்தான் ஓடுவாள். பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டாள். "எங்க கமாண்டர் குண்டைவிட முன்னாடி போய்ச் சேர்ந்துடுவாங்க" என்று மற்ற கம்பெனிக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்கள்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு, பயிற்சி முடித்த புது ஆட்கள் வந்தார்கள். வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் பெயரும் ஊரும் சொன்னார்கள். ஓர் உயரமான ஆள், உழைத்துக் காய்த்த கை, சொன்னான்: "தெக்லாய். ஊர் அடி கோலா."

தெர்ஹாஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த அடி கோலா? மேல இருக்கிறதா, கீழ இருக்கிறதா?"

"மேல இருக்கிறது."

"கல்யாணம் ஆனவரா?" இதை எதற்குக் கேட்டோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"ஆகப் பாத்துச்சு. ஆகல."

பக்கத்தில் நின்ற மூன்றாம் பிரிவுத் தலைவர் ஹத்கு சிரித்தார். "அதென்னப்பா, ஆகப் பாத்துச்சு? தெர்ஹாஸ் தோழர், இவரை என் பிரிவுல போடுங்க. பேச்சுத் துணைக்கு ஆச்சு."

தெக்லாய் நிமிர்ந்து அவள் முகத்தை முதல் தடவையாக நேராகப் பார்த்தான். "தெர்ஹாஸா? மாய் அகாம் தெர்ஹாஸா?"

"ஆமா."

அவன் தலையைச் சொறிந்தான். "அப்படியா" என்றான். பிறகு துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, "பள்ளம் வெட்டணும்னு சொன்னாங்களே, எங்க?" என்று கேட்டான்.

அடுப்பு அங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. நெகாசிக்குக் காது நன்றாகக் கேட்கும். சாப்பாட்டு நேரத்துக்குள் கம்பெனி முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. அவர் கரண்டியோடு தெர்ஹாஸிடம் வந்தார்.

"கமாண்டர், ஒரு சந்தேகம். அந்தப் புது ஆளுக்குக் குழம்பு ஒரு கரண்டி கூட ஊத்தணுமா, ஒரு கரண்டி குறைக்கணுமா?"

"எல்லாருக்கும் எப்படி ஊத்துவீங்களோ அப்படி ஊத்துங்க."

"அப்ப குறைச்சலாத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெக்லாய் யாரிடமும் எதுவும் பேசவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. வாய்விட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் பள்ளம் வெட்டினான், காவல் நின்றான், "சரி, தோழர் கமாண்டர்" என்றான். அந்த ‘சரி’க்குள் என்ன வைத்திருக்கிறான் என்று அவள் யோசித்து யோசித்து மண்டை காய்ந்தாள். பொறுக்க முடியாமல் ஒரு நாள் அஸ்கெதோமிடம் போனாள்.

"தெக்லாயை வேற கம்பெனிக்கு மாத்திடுங்க."

"சரியா வேலை செய்யலையா?"

"நல்லாத்தான் செய்றாரு."

"பின்ன?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அஸ்கெதோம் கண்ணாடியைத் துடைத்தார். சிரிப்பை அடக்கவேண்டியிருந்தால் அதைத்தான் செய்வார். "நம்ம படைல ஓடிப்போன மாப்பிள்ளைக்குன்னு தனிக் கம்பெனி கிடையாதே, தெர்ஹாஸ்."

"ஓடிப்போனது நான்!"

"அப்ப மாத்தணும்னா உன்னைத்தான் மாத்தணும். போறியா?"

அவள் திரும்பி வந்துவிட்டாள்.

கொஞ்ச நாளில் கரும்பாறைக் குன்றைத் தாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. குன்றின் மேல் அரசுப் படை முகாம் போட்டிருந்தது. கீழே போகிற சாலையில் ஒரு கோவேறு கழுதைகூட அவர்களுக்குத் தெரியாமல் போக முடியாது. ஏற்பாடு இதுதான்: முதல் இரண்டு பிரிவும் நேராக ஏறும். ஹத்குவின் மூன்றாம் பிரிவு கீழேயே காத்திருந்து, தெர்ஹாஸ் சைகை காட்டியதும் இடது பக்கமாகச் சுற்றி ஏறும். விடிந்ததும் தொடங்கினார்கள்.

தெர்ஹாஸ் வழக்கம்போல முன்னால் பாய்ந்தாள். முதல் பிரிவு அவள் பின்னால், இரண்டாம் பிரிவு அதன் பின்னால். பாதிக் குன்றில் புகையும் புழுதியும் எழுந்து அவளை விழுங்கிவிட்டது. கீழே ஹத்கு சைகைக்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். சைகை வரவில்லை. மேலே சத்தம் பலமாகக் கேட்டது. கடைசியில் அவர் சத்தம் வந்த பக்கமே தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஏறினார். ஆக, கம்பெனி மொத்தமும் முகாமின் ஒரே மதிலுக்குக் கீழே நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. காலியாக விட்ட இடது பக்கத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கி பேச ஆரம்பித்தது. பின்வாங்குவதைத் தவிர வழியில்லை. சிலருக்குக் காயம். ஹத்குவுக்குத் தோளில் பட்டது. தெர்ஹாஸுக்கு ஒரு கல் தெறித்து நெற்றியில் கிழித்தது. யாருக்கும் உயிர் போகவில்லை என்பதே பெரிய விஷயம்.

மறுநாள் அத்திமரத்தடியில் கிம்கெமா. அஸ்கெதோமும் வந்திருந்தார். மருத்துவப் பெண் நிகிஸ்தி காயம்பட்டவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தாள். தெர்ஹாஸ் நெற்றிக்கட்டோடு எழுந்து, குன்று கைவிட்டுப் போனதற்கு ஹத்குதான் காரணம் என்றாள். இடது பக்கம் போகவேண்டியவர் நேராக ஏறி வந்துவிட்டார் என்றாள்.

"சைகை வரல" என்றார் ஹத்கு.

"நான் காட்டினேன்."

"காட்டியிருப்பீங்க. எனக்கு வரல."

எல்லாருக்கும் தெர்ஹாஸைப் பிடிக்கும், ஹத்குவையும் பிடிக்கும். ஆளுக்கொரு புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது பின்வரிசையில் தெக்லாய் எழுந்து நின்றான்.

"எனக்கு ஒரு விமர்சனம் இருக்கு. தோழர் கமாண்டர் மேல."

நெகாசி குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்தே இறக்கி வைத்துவிட்டார். இன்றைக்கு இது அடிப்பிடிக்கக் கூடாது என்று நினைத்தாரோ, பேச்சில் ஒரு வார்த்தைகூடத் தவறக் கூடாது என்று நினைத்தாரோ.

"சொந்த விஷயமா, சண்டை விஷயமா?" என்று அஸ்கெதோம் கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கிடக்குது. தோழர் கமாண்டர் ரொம்ப வேகமா ஓடுறாங்க."

"அது ஒரு குத்தமாய்யா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அவங்க எவ்வளவு வேகமா ஓடுவாங்கன்னு இங்க என்னைவிட நல்லாத் தெரிஞ்சவன் எவனும் இல்ல."

எங்கோ ஒரு மூக்கிலிருந்து சிரிப்பு பீறிட்டது. அவ்வளவுதான். கம்பெனி முழுக்கச் சிரித்து உருண்டது. ஹத்கு சிரித்துத் தோள் வலித்து "ஐயோ ஐயோ" என்று கத்தினார். அஸ்கெதோம் கண்ணாடியைத் துடைப்பதைப் போலக்கூட நடிக்கவில்லை. தெர்ஹாஸுக்குக் காது வரைக்கும் சுட்டது. பதில் பேசக் கூடாது, முறைக்கக் கூடாது. அவள் தரையைப் பார்த்தாள்.

தெக்லாய் காத்திருந்தான். "சிரிச்சாச்சா? இப்பக் கேளுங்க. அன்னைக்கு அவங்க ஓடினப்ப அது அவங்க காலு, அவங்க வழி. அதை நான் கணக்குல சேக்கல. இன்னைக்கு அப்படியா? பின்னால ஒரு கம்பெனியே நிக்குது. முன்னால ஓடிட்டா நாங்க யாரைப் பாக்குறது? எனக்குத் தெரியிறது முதுகு ஒண்ணுதான். அதுவும் புகைல மறைஞ்சு போச்சு. முதுகு எங்கயாவது கட்டளை குடுக்குமா? அந்தக் குரலை வச்சுக்கிட்டு, அதை யாருக்கும் கேக்காத இடத்துல கொண்டுபோய் வச்சா என்ன பிரயோஜனம்?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

தெர்ஹாஸ் எழுந்தாள். என்ன பேசப்போகிறோம் என்று தெரியாமல்தான் எழுந்தாள். வாயைத் திறந்ததும் உண்மை தானாக வந்து விழுந்தது.

"நான் பின்னால நின்னா, பொம்பளை பயந்துட்டான்னு நீங்க சொல்லுவீங்க. அதுக்காகத்தான் ஓடினேன்."

"சொல்லியிருப்போம்தான்" என்றார் நெகாசி. "இனிமே சொல்ல மாட்டோம்."

"ஹத்கு தோழர், சைகை நான் காட்டினேன். ஆனா உங்களுக்குத் தெரியிற இடத்துல நின்னு காட்டல. தப்பு என்னுது."

ஹத்கு நல்ல தோளால் ஒரு குலுக்கு குலுக்கினார். "விடுங்க கமாண்டர். எனக்கும் மூளை இருந்திருக்கணும்."

கூட்டம் இன்னும் நெடுநேரம் நடந்தது. பலர் எழுந்து பலரைக் குறை சொன்னார்கள். குழம்பும் தப்பவில்லை. முடிவில், தெர்ஹாஸே கமாண்டராக இருப்பாள் என்றும், மூன்று பிரிவும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவள் நிற்கவேண்டும் என்றும் தீர்மானமானது. குரல் எட்டாத இடத்துக்குச் செய்தி கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். அஸ்கெதோம் யாரென்று கேட்டார். கம்பெனி மொத்தமும் தெக்லாய் பக்கம் திரும்பியது.

"நானா?"

"ஓட்டத்தைப் பத்தி அவ்வளவு பேசினியே. இப்ப நீ ஓடு" என்றார் ஹத்கு.

இரண்டாவது தாக்குதலுக்குத் தெர்ஹாஸ் குன்றுக்கு எதிரே ஒரு பாறை மேல் நின்றாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கஷ்டமான காரியம் செய்ததில்லை. கீழே தன் ஆட்கள் குனிந்து குனிந்து ஏறிக்கொண்டிருக்க, கால் இரண்டும் தானாகத் துடித்தன. ஒரு முட்செடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். முள் குத்தியதுகூட உறைக்கவில்லை. அவளுக்குக் காவலாக நெகாசி வந்திருந்தார்.

"கயிறு இருக்கு, கமாண்டர். வேணும்னா காலைக் கட்டிடட்டுமா?"

"வாயை மூடுங்க."

"சரி."

பாறை மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. முதல் பிரிவு எங்கே தேங்குகிறது, இரண்டாம் பிரிவு எங்கே இடைவெளி விடுகிறது, இயந்திரத் துப்பாக்கி எந்தக் கல்லுக்குப் பின்னால் இருக்கிறது எல்லாமே. இத்தனை வருஷம் இதையெல்லாம் பார்க்காமலா சண்டை போட்டோம் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. தெக்லாய் அவள் சொன்னதை வாங்கிக்கொண்டு சரிவில் இறங்குவான், மூச்சிரைக்கத் திரும்புவான், மறுபடி ஓடுவான். ஒரு தடவை அவன் கீழே போயிருந்த நேரத்தில் மூன்றாம் பிரிவு பழையபடி சத்தத்தின் பக்கம் சாய ஆரம்பித்தது. தெர்ஹாஸ் வாயில் கையைக் குவித்தாள்.

"ஹத்கூ! இடது! இடது பக்கம்!"

குன்றில் இருந்த இரண்டு படையும் ஒரு விநாடி சுடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தன. முதலில் சுதாரித்தது ஹத்குதான். இடது பக்கம் வளைந்து ஏறினார். வெயில் சுடுவதற்குள் குன்று அவர்கள் கையில். பிடிபட்ட சிப்பாய்கள், இயக்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து ஒலிபெருக்கி வந்திருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

பிடிபட்டவர்களில் ஒரு சார்ஜென்ட், சரணடைவதையும் முறைப்படி செய்யவேண்டும் என்று நினைப்பவர். கண்ணாடி போட்டிருந்த அஸ்கெதோம் முன் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். "குன்றைப் பிடிச்ச கம்பெனி கமாண்டர் நான் இல்ல. அதோ, அவங்க" என்று அஸ்கெதோம் கை காட்டினார். தலையில் விறகுக்கட்டோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முறை. சார்ஜென்ட் கொஞ்ச நேரம் விறகையே பார்த்தார். பிறகு அதற்கும் ஒரு சல்யூட் அடித்தார்.

அரசு முகாமின் சாமான் அறையில் மாட்டிறைச்சி டப்பாக்களும் மூட்டை மூட்டையாகச் சர்க்கரையும் கிடைத்தன. கம்பெனிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நெகாசி டப்பாக் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"நோன்பு நாள். யாரும் தொடக் கூடாது."

"தோழர், இயக்கத்துல நோன்பெல்லாம் கிடையாது" என்று ஒருவன் கெஞ்சினான்.

"இயக்கத்துக்குக் கிடையாது. என் அடுப்புக்கு உண்டு. இதுக்காகக் கிம்கெமா வச்சாலும் சரி, ஒரு டப்பாவைத் திறக்க மாட்டேன்."

எல்லாரும் தெர்ஹாஸைப் பார்த்தார்கள். "அடுப்புல அவர்தான் கமாண்டர்" என்று சொல்லிவிட்டாள். அதனால் அன்று சர்க்கரை கொட்டிய டீயோடு திருப்திப்பட வேண்டியதாயிற்று. ஒரு குவளைக்கு எத்தனை கை சர்க்கரை போட்டார்கள் என்று கேட்கக் கூடாது. கரண்டி அதில் நட்டமாக நின்றது.

தெக்லாய் ஒரு குவளையை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஒண்ணு கேக்கட்டுமா? சண்டை விஷயம் இல்ல."

"கேளு." முதல் தடவையாக அவள் அவனை நீ என்று சொன்னாள்.

"அன்னைக்கு என்னைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா? கோள் கீள்?"

"உனக்குப் பல் எல்லாம் இருக்குன்னு சொன்னாங்க. வேற ஒண்ணும் தெரியாது. நீ யாரா இருந்தாலும் ஓடியிருப்பேன்."

அவன் டீயை ஒரு வாய் குடித்தான். முகம் தெளிந்தது. "இத்தனை வருஷமா நானும் யோசிச்சுப் பாத்துட்டேன், என்கிட்ட என்ன குறைன்னு. உண்மையைச் சொல்லட்டுமா? அன்னைக்கு எனக்கும் வரப் பிடிக்கல. எங்கப்பா கோவேறு கழுதை மேல ஏத்தி, ரெண்டு பக்கமும் மாமன்களை நிறுத்திக் கூட்டிட்டு வந்தாரு. ஊற்றுகிட்ட வந்ததும் குதிச்சு ஓடிடலாம்னு பாத்துக்கிட்டே வந்தேன். பந்தல்ல போய்ப் பாத்தா, நீ முந்திக்கிட்ட."

தெர்ஹாஸ் சிரித்த சிரிப்பில் டீ புரையேறியது. "அப்புறம் என்னதான் பண்ணீங்க?"

"என்ன பண்றது? உங்கப்பா அறுத்த காளை வீணாப் போகக் கூடாதுன்னு எல்லாரும் உக்காந்து சாப்பிட்டோம். உங்கப்பாவும் எங்கப்பாவும் சாயங்காலம் வரைக்கும் ஸுவா குடிச்சாங்க. கடைசில கட்டிப்பிடிச்சு அழுதாங்க. எதுக்கு அழுறோம்னு ரெண்டு பேருக்கும் மறந்து போச்சு."

"அப்பா எப்படி இருக்காரு?"

"போன அறுவடைக்குப் பாத்தேன். நல்லா இருக்காரு. பொண்ணு கமாண்டர்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரு. நான் இயக்கத்துக்குப் போறேன்னு சொன்னப்ப, அவ கம்பெனில மட்டும் மாட்டிக்காதேப்பான்னு சொல்லி அனுப்பினாரு."

அதற்குப் பிறகு கம்பெனி முழுக்க ஒரே கனவில் இருந்தது. போராளிகள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று அப்போது இயக்கத்தில் தடை இருந்தது. தடை எப்போது நீங்கும், இந்த இரண்டு பேரும் எப்போது சேருவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெகாசி மனசுக்குள் விருந்துக்கே திட்டம் போட்டுவிட்டார். தடை ஒருநாள் நீங்கவும் செய்தது. தெக்லாய் விறுவிறுவென்று தெர்ஹாஸிடம் வந்து, கல்யாணத்துக்கு அனுமதி கேட்டான். நிகிஸ்தியைக் கட்டிக்கொள்ள.

வீங்கிய காலுக்கு வாரக்கணக்கில் கட்டுப் போட்டவள் நிகிஸ்திதான். கட்டோடு காதலும் வளர்ந்தது தெர்ஹாஸைத் தவிர யாருக்கும் தெரியாது. பாறை மேல் நின்று பார்க்கப் பழகிய கண் அவளுக்கு. கம்பெனிக்குத்தான் ஏமாற்றம்.

"என்ன கமாண்டர், உங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று நெகாசி கேட்டார்.

"எதுக்கு வருத்தம்? எனக்கு ஒரு நல்ல தூதுவன் கிடைச்சான். நிகிஸ்திக்கு ஒரு நல்ல புருஷன் கிடைச்சான்."

அதில் துளிகூடப் பொய் இல்லை. இயக்க வழக்கப்படி கம்பெனி கமாண்டர்தான் நடுவில் நின்று கேட்கவேண்டும். நிகிஸ்தியைப் பார்த்து, "உன் இஷ்டப்படிதானா? யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்று கேட்டாள். நிகிஸ்தி இல்லை என்றாள். தெக்லாயைப் பார்த்து, "உங்களுக்கு எங்கயாவது ஓடிப்போற உத்தேசம் உண்டா?" என்று கேட்டாள். "கால் வலிக்குது, தோழர் கமாண்டர்" என்றான் அவன். நெகாசி அன்றைக்கு நோன்பு நாளா என்று இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு ஓர் ஆட்டை அறுத்தார்.

போர் முடிந்து, படை தலைநகருக்குள் போனது. தெர்ஹாஸும் போனாள், மின்விளக்குகளைப் பார்த்தாள், லிஃப்டில் ஏறினாள், ஏறியதும் இறங்கிவிட்டாள். பிறகு படைக்குப் புது ஒழுங்கு வந்தது. தோளில் பட்டை, காலில் பூட்ஸ், மாதச் சம்பளம். அவளுக்கு மேஜர் பட்டை கொடுத்தார்கள். முதல் நாள் வாசல் காவலன் காலைத் தட்டிச் சல்யூட் அடித்தபோது, பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. சில மாதம் பொறுத்துப் பார்த்தாள். கூட்டத்தில் தன்னை யாரும் குறை சொல்லவில்லை என்பதுதான் அவளுக்கு ஒத்துவரவில்லை. இவர்களுக்கு என்மேல் ஏதாவது கோபமா என்று கவலைப்பட ஆரம்பித்தாள். ஆள் குறைப்பு வந்தபோது தானாகவே பெயர் கொடுத்துவிட்டு அடிக்ராத் நகரத்துக்கு வந்துவிட்டாள்.

அங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டாள். அமைதியான மனுஷன். அவரை மாய் அகாமுக்கு அழைத்துப் போய் அப்பாவுக்குக் காட்டியபோது, அப்பா அவரிடம் கேட்ட முதல் கேள்வியே, "நல்லா யோசிச்சியா தம்பி?" என்பதுதான். இரண்டு பெண் குழந்தைகள். நகரப் பேருந்து நிலையத்தில் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடும் வேலை கிடைத்தது. கூரை மேல் ஆடு ஏற்றுகிறவர்களோடும், ஆள் நிரம்பாமல் நகரமாட்டேன் என்கிற டிரைவர்களோடும் நாள் முழுக்க மல்லுக்கட்டு.

நாற்பத்தைந்து வயசில் திடீரென்று பேருந்து ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றாள். பயிற்சி கொடுத்தவன் முதல் நாள் மூன்று தடவை கடவுளைக் கூப்பிட்டான். முதல் தேர்வில் ஒரு தொட்டியை இடித்துத் தோற்றாள். இரண்டாம் தேர்வில் தேறினாள். முதல் சவாரி மெக்கெலே நகரத்துக்கு. கணவரும் பெண்களும் முன் இருக்கையில். மலைப்பாதையில் முதல் பெரிய வளைவு வந்தபோது பேருந்துக்குள் பேச்சு நின்றுபோனது. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். தெர்ஹாஸ் கியரை இறக்கி, மெல்ல வளைத்து, வெளியே வந்தாள்.

"சரியா வந்தேனா?" என்று பின்னால் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, முன்னால பாரு!" என்று இரண்டு பெண்களும் கத்தினார்கள்.

"கொஞ்சம் அகலமாத் திரும்பிட்ட, மகளே" என்றாள் கிழவி. "அடுத்த வளைவுல பாத்துக்கலாம்."

தெர்ஹாஸ் சந்தோஷமாகத் தலையாட்டினாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சாலையோரம் சப்பாத்திக்கள்ளியில் பழம் பழுத்திருந்தது. ஒரு வாளி வாங்கிப் பயணிகள் எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று வண்டியை ஓரம் கட்டினாள்.